துக்கமணி நாற்பத்தொன்று

வேலூர் சிறை,
5 பிப்ரவரி 2024

பிஷப் ஐயா அவர்களுக்கு,

ஆம்பூர் காலனித் தெரு மதியழகன் எழுதுவது. தோத்திரம் சொல்லித் தொடங்குவதுதான் மரியாதை. இப்போதைக்கு அது என்னால் ஆகாது, மன்னிக்கவும்.

நேற்று மனு போட்டு என்னைப் பார்க்க வந்தவன் யார் தெரியுமா? என் அண்ணன் சம்பத். போன அக்டோபரில் எவனுக்காக நம் கோயிலில் துக்கமணி அடித்ததோ, அதே சம்பத். அவன் சாகவில்லை என்பது என்னைப் பிடித்த மறுநாளே போலீஸ் சொல்லித் தெரியும். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு ஐயா. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கோல் ஊன்றிக்கொண்டு நின்றான். தொண்டையில் குழாய் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை, பேச்சு காற்றாகத்தான் வருகிறது. "இன்னாடா, எனக்குக் காரியமே பண்ணிட்டியாமே" என்றான். சிரிக்கப் பார்த்து இருமினான். நான் அழுதேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடம் அது, ஒருவன் அழுதால் யாருக்கும் கேட்காது.

அன்றைக்கு நீங்கள் டேனரி கேட்டில் இல்லை. நான் இருந்தேன். அதனால் சொல்கிறேன். கோதண்டராமன் முதலாளியின் தோல் பதனிடும் டேனரியில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டதென்று மூன்று பேரை உள்ளே இறக்கினார்கள். எபினேசரும் மாசிலாமணியும் விஷவாயுவில் உள்ளேயே போய்விட்டார்கள். கொக்கி போட்டுத்தான் இழுத்தோம். கொக்கி மாசிலாமணியின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு ஏறியது. மூன்றாவது ஆள் என் அண்ணன். மூச்சு இருந்தது, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே நீங்கள் இரண்டு பேரையும் அடக்கம் பண்ணினீர்கள். பொறுமையாக இருங்கள் என்று கல்லறையில் நின்று சொன்னீர்கள். இருந்தோம். மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே முந்நூறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். சாயந்தரம் ஐந்து மணிக்கு மணி அடித்தது.

செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி என்பது நம் சபை வழக்கம். முந்நூறு பேரும் வாய்விட்டு எண்ணினோம். நாற்பத்தொன்றில் நின்றது. பக்கத்திலிருந்தவர்கள், "சம்பத்துக்கு நாப்பத்தி நாலு ஆச்சே, இது வேற யாரோ" என்றார்கள். நான்தான் எழுந்து நின்று, எங்கள் அண்ணனுக்கு நாற்பத்தொன்றுதான், அது வீட்டுக்கு மட்டும் தெரியும், செத்தது அவன்தான் என்று கத்தினேன். அதற்கு மேல் யாரும் உட்காரவில்லை. கேட் விழுந்தது. மேனேஜரின் பல்லை அவர் சட்டைமேலேயே பார்த்தேன். முதலாளியின் காரைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி மிதித்தோம். கெமிக்கல் ஸ்டோர் எரிந்தது. வாட்ச்மேன் நயீம் அகமது பாய் உள்ளே கிடந்து கரியாகிப்போனார்.

இப்போது கேஸ் என்னவென்றால், உயிரோடிருக்கிற அண்ணனைச் செத்தான் என்று நானே திட்டம் போட்டுக் கிளப்பிவிட்டேனாம். மணியடிக்கிற கோயில்பிள்ளை நவநீதன், கேட்டிலிருந்து எவனோ ஒருத்தன் வந்து சொன்னான், அடித்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த எவனோ ஒருத்தனை அனுப்பியது நான் என்கிறார்கள். அதனால்தான் ஜாமீனும் இல்லை. அடுத்த மாதம் குற்றச்சாட்டுப் பதிவு. திட்டமிட்டது என்று நிலைத்துவிட்டால் என் ஆயுசு இங்கேதான்.

ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சம்பத் செத்தான் என்று கோயிலுக்கு வந்து சொன்னது யார்? அதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

மதியழகன்


கலவை,
14 பிப்ரவரி 2024

கர்த்தருக்குள் அன்பான தம்பி மதியழகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சம்பத் நடமாடுகிறான் என்று படித்ததும் முழங்கால் போட்டேன். அவனுக்காக நான் ஜெபிக்காத நாள் இல்லை.

பேராயர் பொறுப்பிலிருந்து சில மாதம் ஓய்வு கேட்டு இங்கே கலவையில் இருக்கிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டன. கோர்ட் வரைக்கும் வரும் தெம்பு இப்போது இல்லை. உனக்கு நல்ல வக்கீல் வைக்கச் சபைக் கமிட்டியிடம் பேசியிருக்கிறேன். கம்பளியும் வேதாகமமும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நவநீதன் கள்ளங்கபடமில்லாத மனுஷன். அன்றைய குழப்பத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் காதில் என்ன விழுந்தது என்று இப்போது தோண்டுவதில் யாருக்கும் பயனில்லை. நடந்ததிலிருந்து கர்த்தர் என்ன எடுத்தார் என்று பார். அறுபத்திரண்டு பேர் கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆகியிருக்கிறார்கள். கழிவுத் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டாயிற்று, இனி மனுஷன் இறங்குவதில்லை, மெஷின்தான் இறங்குகிறது. இருபது வருஷம் கெஞ்சிக் கிடைக்காதது ஒரே சாயங்காலத்தில் கிடைத்தது. ஜனங்கள் அந்த மணியைப் பற்றி நன்றியோடுதான் பேசுகிறார்கள்.

இறையியல் கல்லூரியில் நான் திருச்சபை வரலாறு நடத்தியவன் என்பது உனக்குத் தெரியும். இடைக்காலத்துப் பிஷப் ஒருவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்வேன். அரசன்தான் அவரை ஆசனத்தில் உட்கார வைத்தவன். அந்த அரசன் ஜனங்களை நசுக்கியபோது, கலகக்காரர்களுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார் அவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சிலர் ஏசினார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. மேய்ப்பனுக்கு முதலில் ஆடுகள், அப்புறம்தான் அரசன்.

உன் பாடு வீண்போகவில்லை என்பதற்காக இதை எழுதினேன். பொறுமையாயிரு. கோபத்தில் யார் பெயரையும் இழுக்காதே. அது உன் கேஸுக்கும் நல்லதல்ல.

கர்த்தரின் பணியில்,
பேராயர் டேனியல்


1 மார்ச் 2024

பிஷப் ஐயா,

வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்த இடத்தில் இதை என் மனைவி ஹெலன் கையில் கொடுக்கிறேன். அவள் படிக்கவில்லை. இதில் சிறை முத்திரை இல்லை, பாருங்கள். தபாலில் போட்டால் உள்ளே ஒருவர் படித்து, முத்திரை குத்தித்தான் வெளியே விடுவார். வருகிற கடிதமும் அப்படித்தான். உங்கள் மானத்தை நினைத்துத்தான் இந்த ஏற்பாடு. பதிலும் அவள் கையிலேயே கொடுங்கள். தப்பித்தவறியும் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

கம்பளி வந்தது. இரண்டாம் நாளே ஒருத்தன் பிடுங்கிக்கொண்டான். கேட்கப் போனதற்குத் தட்டால் புருவத்தில் வாங்கினேன், நாலு தையல். உங்கள் பொறுமை போதனை பக்கத்திலேயே இருந்தது, எடுத்துப் படிக்க இரத்தம் கண்ணை மறைத்துவிட்டது.

படுத்துக்கொண்டு யோசித்தேன் ஐயா. எனக்கு இங்கே வேறு வேலை இல்லை. என் அண்ணன் பதினைந்து வயதில் டேனரியில் சேர்ந்தான். பதினெட்டு ஆகாவிட்டால் சேர்க்கமாட்டார்கள் என்று மூன்று கூட்டிச் சொன்னான். அந்த மூன்று அவனை விட்டுப் போகவே இல்லை. கம்பெனி கார்டு, ஆதார், ரேஷன் எல்லாவற்றிலும் நாற்பத்தி நாலுதான். நவநீதன் கோயிலுக்கு வருமுன் அதே டேனரியில் அண்ணனோடு பதினாறு வருஷம் தோல் சுழற்றும் டிரம் ஓட்டியவன். அவனுக்கும் நாற்பத்தி நாலுதான் தெரியும். எவனோ ஒருத்தன் வந்து சொல்லி அவன் அடித்திருந்தால் நாற்பத்தி நாலு அடித்திருப்பான்.

சரியான வயது இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று ஞானஸ்நானப் பதிவேடு. அது உங்கள் அறை பீரோவில் இருக்கும், சாவி உங்கள் அங்கிப் பையில் இருக்கும். பீரோவை நீங்கள் மட்டும்தான் திறப்பீர்கள்.

கோட்டைக் கதவைத் திறந்த பிஷப் கதை எழுதினீர்களே. திறந்தது அவர்தான் என்று அவர் எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கதையில் அது இல்லையே.

சம்பத் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்தே அடித்தீர்களா, தெரியாமல் அடித்தீர்களா? இதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போலீஸுக்குத் தெரியாது, வக்கீலுக்குத் தெரியாது, ஹெலனுக்கும் தெரியாது.

நயீம் பாய் தீயில் சாகவில்லை. ஸ்டோர் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருஷம் நைட் ஷிஃப்டில் அவர் டிபன் பாக்ஸில் நானும், என் டிபன் பாக்ஸில் அவரும் கை வைத்துச் சாப்பிட்ட மனுஷன். "மதி, அல்லா மேல ஆணையா சொல்றேன், உங்கண்ணன் சாகலப்பா. இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. மணி தப்பு" என்றார். மணி தப்பு என்று ஒரு வாட்ச்மேன் சொல்கிறார். கம்பெனிச் சோறு தின்று கம்பெனிக்குப் பொய் சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோயில் மணி பெரிதா, வாட்ச்மேன் பேச்சு பெரிதா? சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுகிற மூங்கில் கழி கையில் இருந்தது. அதை அவர் தலையில் போட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. விழுந்த பிறகு எங்களில் எவனோ உள்ளே தீ வைத்தான். கூரை சரிந்தது. அதனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் சொன்னது நிஜம். நீங்கள் சொன்னது பொய். நான் யாரை நம்பினேன் பாருங்கள்.

மதியழகன்


கலவை,
11 மார்ச் 2024

மதியழகனுக்கு,

நீ கேட்டுக்கொண்ட வழியில் இந்தப் பதில் வராது. பதிவுத் தபாலில் போடுகிறேன். உன் கைக்கு வருமுன் இதைப் படிப்பவர் ஒருவர் உண்டு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

துக்கமணியை அடித்தது நான். பேராயர் டேனியல். சம்பத் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்தே அடித்தேன். யாரும் வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மதியழகன் ஆள் அனுப்பவில்லை. நவநீதன் கயிற்றைத் தொடவே இல்லை.

அன்று மத்தியானம் கோதண்டராமன் வீட்டுக்குப் போனேன். தொட்டி வேலையை நிறுத்துங்கள், இறந்தவர்கள் உங்கள் தொழிலாளிகள் என்றாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை. "மூணாவது ஆளும் போயிடட்டும், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜெபமா வெச்சிடுங்க. அதுவரைக்கும் உங்க ஆடுங்களைக் கட்டி வைங்க பிஷப்" என்றார். என்னிடம் அப்படிப் பேச அவருக்கு உரிமை உண்டு. பேராயர் தேர்தலுக்கு எனக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் அவர் கம்பெனி பஸ்ஸில் வந்தார்கள். நான் பட்டமேற்ற அன்று அந்த மணியை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மணியின் வாயோரத்தில் இன்றைக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஆறு வருஷம் அவர் கட்டச் சொன்னபோதெல்லாம் உங்களைக் கட்டி வைத்தேன். முந்தின நாள் எபினேசரையும் மாசிலாமணியையும் அவசர அவசரமாகப் புதைத்ததும் அவர் சொல்லித்தான்.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். சம்பத் இந்த இராத்திரியைத் தாண்டுவது கடினம் என்றார்கள். மறுநாள் காலை அதிகாரிகள் முன் பேச்சுவார்த்தை. அதில் ஏதாவது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி உங்களைக் கலைத்துவிடுவார்கள். அப்புறம் சம்பத் செத்து என்ன, பிழைத்து என்ன? எப்படியும் சாகிறவன்தானே, சில மணி நேரம் முன்னால் அடித்தால் என்ன என்று நினைத்தேன். நன்றாகப் பார் தம்பி, கோதண்டராமனும் அவன் சாவை எதிர்பார்த்தார், நானும் எதிர்பார்த்தேன்.

நவநீதனை மெழுகுவர்த்தி வாங்க அனுப்பினேன். பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். சாகாதவனுக்குச் சாவு மணி அடிக்கப்போகிறவன், எண்ணிக்கை தப்பாகிவிடக்கூடாது என்று பிறந்த தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தான். முப்பது வருஷ ஊழியத்தின் பழக்கம். இன்று உன்னை விடுவிக்கப்போவது அதுவாக இருந்தால், அதிலாவது கர்த்தர் என்னைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இருபதாவது அடியில் கேட்டுப் பக்கமிருந்து நீங்கள் எண்ணுவது எனக்குக் கேட்டது. நிறுத்த முடியவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். நிறுத்த மனமில்லை. அவ்வளவு பேர் என் கைக்குச் சரியாகக் குரல் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டை உடைப்பார்கள், கோதண்டராமன் பயந்து ஓடுவார், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று எண்ணினேன். புகை ஏறியபோதும் எரிவது பழைய தோல்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஏழு மணிக்கு நயீம் அகமது பெயர் வந்தது.

நவநீதன் திரும்பி வந்து என் உள்ளங்கையைப் பார்த்தான். கயிறு உரசித் தோல் போயிருந்தது. "நீங்க உள்ள போங்க ஐயா. நான் அடிச்சேன்னு சொல்லிக்கிறேன்" என்றான். நான் உள்ளே போனேன். நாலரை மாதமாக உள்ளேயேதான் இருக்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் உண்மை. ஓய்வு மட்டும் பொய்.

அந்த இடைக்காலத்துப் பிஷப்பின் கதையை உனக்குப் பாதியில் நிறுத்தினேன். என் மாணவர்களுக்கும் பாதியில்தான் நிறுத்துவேன். கலகம் ஓய்ந்து அரசன் திரும்பி வந்தான். கதவைத் திறந்தது யார் என்று கேட்டான். காவல்காரன் என்றார் பிஷப். காவல்காரனைச் சுவரிலிருந்து தொங்கவிட்டார்கள். பிஷப் வயதாகித் தன் படுக்கையில் செத்தார்.

இதைப் படிக்கும் அதிகாரி ஐயா அவர்களுக்கு: இது என் கையெழுத்து. சுயநினைவோடு எழுதியது. நகல்களைக் கோர்ட்டுக்கும், மதியழகனின் வக்கீலுக்கும், என் சபைக் கமிட்டிக்கும் இன்றே அனுப்பிவிட்டேன். கலவையில் இதே விலாசத்தில்தான் இருப்பேன்.

மதியழகா, நீ என்னிடம் சொன்ன மற்றது எதையும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது உன்னுடையது. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குப் போதிக்கும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்காவிட்டாலும் சரிதான்.

டேனியல்


வேலூர் சிறை,
2 ஏப்ரல் 2024

டேனியல் ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதங்களைப் படிக்கிற ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இங்கே வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உங்களையும் அழைத்துப்போய் விசாரித்தார்கள் என்று ஹெலன் சொன்னாள். கோயில் வாசலில் உங்கள் பெயர்ப் பலகையைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டார்களாம். உடைத்தவர்களில் பர்மனென்ட் ஆன அறுபத்திரண்டு பேரில் சிலரும் உண்டாம். மணியை மட்டும் யாரும் தொடவில்லை. நவநீதன் கோயில் படியில் உட்கார்ந்து அழுகிறானாம், உங்களுக்காகத்தான்.

வக்கீல் ஏகப்பட்ட குஷியில் இருக்கிறார். திட்டமிட்டேன் என்பது உடைந்துவிட்டது, மீதி கும்பல் கேஸ்தான் என்கிறார். "வாயை மூடிக்கினு இரு மதி, ரெண்டே மாசம், வெளிய வந்துடலாம்" என்றார். நானும் சரி என்றேன். உங்கள்மேல் இருந்த ஆத்திரமும் அன்றைக்குக் கொஞ்சம் கம்மியானது. நம்மைத் தூண்டிவிட்டது பிஷப்தானே, கழி என் கையில் இருந்தாலும் தூக்கியது அவர் மணிதானே என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று அண்ணன் வந்தான். நயீம் பாயின் மனைவி மஹ்பூபி அக்கா அவனைப் பார்க்க வீட்டுக்கு வந்தாராம். கையில் பழம் வாங்கிக்கொண்டு வந்தாராம். பாய் அன்று சாயந்தரம் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். கடைசியாகப் பேசியது அதுதானாம். "சம்பத்துக்கு ஒண்ணும் ஆவலயாம், மதி கேட்டாண்டதான் இருக்கான், போய் சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாராம். அவர் ஸ்டோரைக் காக்க நிற்கவில்லை ஐயா. என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். சொல்ல முடியாமலே போய்விட்டாரே என்று மஹ்பூபி அக்கா அழுதாராம். அண்ணன் இதைக் காற்றுக் குரலில் சொல்லிவிட்டு, "உன்னாண்ட சொன்னாராடா?" என்று கேட்டான். நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை இதில் எழுதுகிறேன். இதையும் தபாலிலேயே போடுகிறேன், படிக்கிற ஐயா படிக்கட்டும். நயீம் அகமதுவை அடித்துக் கொன்றது நான், மதியழகன். அவர் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. மஹ்பூபி அக்காவுக்கு இது போய்ச் சேர வேண்டும், சொல்லாமல் சாகவில்லை அவர். நீங்கள் அடித்தது உங்கள் கணக்கு, நான் அடித்தது என்னுடையது. ஒன்றை வைத்து இன்னொன்றை மூட முடியாது.

எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாதென்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். தெரியும். உங்கள் மணியை எண்ணிய வாய் அதோடு நிற்காமல் எண்ணிக்கொண்டே இருந்தது. மூன்று. முதல் அடிக்கு என் பெயரைச் சொன்னார். இரண்டாவதுக்கு அல்லாவைக் கூப்பிட்டார். மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மதியழகன்